பட்டன் எங்கே, சாவி யாரிடம்?

(நம் சங்கத்தின் மூத்தோர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காபி வருவதற்குள் முடித்துவிடுங்கள் சார் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. மெயின்டனன்ஸ் பில், கேட்டில் வருவோர் போவோர் பதிவு, பிளம்பர் எலக்ட்ரீஷியன் புகார், ஹால் முன்பதிவு எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் கொண்டுவரலாம் என்பது தீர்மானம். கமிட்டி விலைப்பட்டியல்கள் வாங்கி வைத்திருக்கிறது. விலையைப் பற்றி பொருளாளர் பேசுவார். விலைப்பட்டியலில் வராத இரண்டு விஷயங்களைப் பற்றி நான் பேச வந்திருக்கிறேன். திரையில் பட்டன் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. பெட்டிக்கு உள்ளே இருப்பதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதை இடைமுகம், இன்டர்ஃபேஸ் என்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்ததுதான் ஓப்பன் சோர்ஸ், அதாவது திறந்த மூலம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க். கைலெட்ஜரில் ஆரம்பித்து, லெட்ஜர் போஸ்டிங் மெஷின் பார்த்து, கோர் பேங்கிங்கில் ஓய்வு பெற்றவன். என் மருமகள் மென்பொருள் வடிவமைப்பாளராக வேலை செய்கிறாள். நிரல் எழுதுவது அவள் வேலை இல்லை. திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எந்த வார்த்தையில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. சாப்பாட்டு மேஜையில் அவள் சொல்லக் கேட்டு, நானும் கொஞ்சம் தேடிப் படித்து, கவுண்டரில் பார்த்ததோடு ஒப்பிட்டு வந்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

அவள் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை: "மாமா, ஒருத்தர் தப்புப் பண்ணினா அது அவர் தப்பு. பத்துப் பேர் அதே இடத்துல அதே தப்பைப் பண்ணினா அது திரையோட தப்பு."

இதை நான் வங்கியிலேயே பார்த்திருக்கிறேன். ஏடிஎம்மில் பணம் எடுக்க வந்தவருக்குப் பணம்தான் குறி. பணம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. பணத்தை முதலில் கொடுத்து, கார்டைப் பிறகு கொடுக்கும் மெஷினில் ஜனங்கள் கார்டை விட்டுவிட்டுப் போவார்கள். இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. "கார்டை எடுக்க மறக்காதீர்கள்" என்று போர்டு வைக்கலாம். அல்லது கார்டை முதலில் கொடுத்து, அதை எடுத்த பிறகுதான் பணம் வரும் என்று வரிசையை மாற்றலாம். போர்டு வைத்தால் பழி வாடிக்கையாளர் மேல் விழும். வரிசையை மாற்றினால் பிரச்சினையே இருக்காது. மனிதனின் மறதியைத் திட்டாமல், மறதி இருக்கும் என்று ஒப்புக்கொண்டு மெஷினைத் திருத்துவதுதான் வடிவமைப்பு.

டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1988இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். கதவில் பிடித்து இழுக்கிற மாதிரி கைப்பிடி வைத்துவிட்டு, தள்ளித்தான் திறக்க வேண்டும் என்றால் எல்லோரும் இழுக்கத்தான் செய்வார்கள். அதற்கு மேல் "தள்ளு" என்று எழுதி ஒட்டினால், அந்தக் கதவு தோற்றுவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கதவுகளுக்கு இன்று உலகம் முழுவதும் அவர் பெயரையே வைத்து "நார்மன் கதவு" என்கிறார்கள்.

கதவு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பணம் என்றால்? வங்கிக்காரனுக்குத் தூக்கம் கெடுக்கும் ஒரு நிஜக் கதை சொல்கிறேன். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி பேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதனக் கம்பெனியின் கடனுக்கு நிர்வாகியாக இருந்தது. கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியாகச் சுமார் 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டும். போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர். அசல் முழுவதும் வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து போய்விட்டது.

எப்படி? அவர்கள் வைத்திருந்தது ஃப்ளெக்ஸ்க்யூப் என்ற மென்பொருள். அது நம் நாட்டில் உருவானதுதான், பிறகு ஆரக்கிள் கம்பெனியிடம் போனது. அசல் தொகை வெளியே போகாமல் உள்கணக்கில் நிற்க வேண்டுமானால் திரையில் மூன்று கட்டங்களில் குறிக்க வேண்டும்: பிரின்சிபல், ஃபிரன்ட், ஃபண்ட். அவர்கள் பிரின்சிபல் என்ற ஒன்றை மட்டும் குறித்தார்கள். பெயரைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும், அசலைத்தானே நிறுத்த வேண்டும்! இதை மூன்று பேர் பார்த்தார்கள். ஒருவர் பதிவு செய்தார், ஒருவர் சரிபார்த்தார், ஒருவர் ஒப்புதல் கொடுத்தார். நம் வங்கிகளில் மேக்கர், செக்கர் என்று இரண்டு பேர். அங்கே மூன்று பேர், ஆறு கண்கள். ஆறு கண்களுக்கும் திரை ஒரே மாதிரி தெரிந்ததால், மூன்று பேரும் ஒரே மாதிரி நம்பினார்கள்.

பணம் வாங்கியவர்களில் பலர் திருப்பிக் கொடுக்க மறுத்து, சுமார் 50 கோடி டாலர் கோர்ட்டுக்குப் போனது. 2021இல் கீழ்க்கோர்ட் அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. மூன்று கட்டத்துக்கு இரண்டு வருட வழக்கு. அந்த மூன்று பேரையும் கவனக்குறைவானவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வவுச்சரில் "ரூபாய் எழுத்தால்" என்று ஒரு வரி இருக்கிறதே, அது எதற்கு? எண்ணில் கண் ஏமாறினால் எழுத்து காப்பாற்றட்டும் என்பதற்கு. "இந்தத் தொகை வெளியே போகிறது, சம்மதமா?" என்று தெளிவான வாக்கியத்தில் கேட்டிருந்தால் அந்த வேலையைத் திரையே செய்திருக்கும்.

இன்னொரு மனிதரைச் சொல்ல வேண்டும். லாரி டெஸ்லர். 1970களில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தார், பிறகு ஆப்பிளுக்குப் போனார். 2020இல் காலமானார். வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தியை காபி செய்து இன்னொரு குரூப்பில் பேஸ்ட் செய்கிறீர்களே, அந்த வழக்கம் அவரும் அவர் சகாக்களும் செய்து கொடுத்தது. கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டிப் பசை போட்டு ஒட்டுவது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததையே திரையில் வைத்தார்கள். அதுவரை ஒரே விசை ஒரு நேரம் எழுத்தைத் தரும், இன்னொரு நேரம் கட்டளையாக மாறும். இந்த "மோட்" மாறுகிற தொல்லையே கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். தன் கார் நம்பர் பிளேட்டிலேயே "நோ மோட்ஸ்" என்று வைத்துக்கொண்டார்.

அவர் பெயரால் ஒரு விதி இருக்கிறது. எந்த வேலையிலும் குறைக்க முடியாத ஒரு சிக்கல் இருக்கும். அதை ஒழிக்க முடியாது, ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றத்தான் முடியும். மென்பொருள் எழுதுகிறவர் சுமப்பதா, பயன்படுத்துகிற லட்சம் பேர் சுமப்பதா என்பதுதான் கேள்வி. டபுள் என்ட்ரி படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் ஏறியிருக்கும்.

இதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அதில் க விசையை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து "க்க" வந்துவிடும். ந தட்டி த தட்டினால் "ந்த". தமிழில் இந்த இடங்களில் பெரும்பாலும் புள்ளி வரும். அதை நாம் ஒவ்வொரு முறையும் தட்டுவானேன், மெஷின் பார்த்துக்கொள்ளட்டும் என்று செய்தார்கள். சுமையை மெஷின் தோளுக்கு மாற்றியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இதைக் கம்ப்யூட்டரில் தட்ட இ-கலப்பை என்ற மென்பொருளைத் தமிழர்களே எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி கொடுத்தார்கள். அந்தக் கொடைதான் என்னுடைய இரண்டாவது விஷயத்துக்கு வாசல்.

நம் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பில்டர் கட்டடத்தைச் சங்கத்திடம் ஒப்படைக்கும்போது பைப் லைன், கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடங்களையும் ஒப்படைக்க வேண்டும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு கசிவுக்கும் சுவரை உடைத்துத் தேட வேண்டும். அல்லது அதே பில்டரின் ஆளையே கூப்பிட்டு அவர் கேட்ட காசைக் கொடுக்க வேண்டும். வீடு நம் பெயரில் பதிவாகியிருக்கும், ஆனால் நமக்கு அதைப் பழுது பார்க்கும் சக்தி இருக்காது. மென்பொருளுக்கு அந்த வரைபடம்தான் மூல நிரல், சோர்ஸ் கோடு.

1980 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மேன் என்ற இளைஞர் வேலை செய்தார். அங்கே ஒரு பிரிண்டர். பேப்பர் சிக்கிக்கொண்டால் யாருக்கும் தெரியாது, நடந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். பழைய பிரிண்டருக்கு மூல நிரல் கையில் இருந்ததால், பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி அவர் மாற்றி வைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு புது லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதுவும் சிக்கியது. ஆனால் மூல நிரல் தரப்படவில்லை. இன்னொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

சின்ன விஷயம்தான். ஆனால் தன் அறையில் இருக்கும் பொருளைத் தானே சரிசெய்யத் தெரிந்தும் அனுமதி இல்லை என்பது அவரை உறுத்தியது. 1983 செப்டம்பரில் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே பார்த்துப் படித்து மாற்றலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற நான்கு சுதந்திரங்கள்தான் அந்த இயக்கத்தின் கொள்கை. ஆங்கிலத்தில் இதற்கு "ஃப்ரீ" என்று பெயர் வைத்துவிட்டு, ஓசி என்று அர்த்தமில்லை என்று அவர்கள் காலமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று தமிழில் தனித்தனியாகவே இருக்கின்றன.

1991இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸை ஆரம்பித்தார். 1998இல் "ஓப்பன் சோர்ஸ்" என்ற பெயரை கிறிஸ்டின் பீட்டர்சன் என்ற பெண்மணி முன்மொழிந்தார். உங்கள் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளம் லினக்ஸ். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

இவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் ஏன் இதையே பயன்படுத்தவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் என் மருமகள் குறுக்கிடுவாள். "சாவி கொடுத்துட்டாங்க மாமா, பட்டன் எங்கேன்னு சொல்லலை" என்பாள். அது உண்மை. ஓப்பன் சோர்ஸை உலகெங்கும் பிரசாரம் செய்த எரிக் ரேமண்ட் என்பவரே 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரே பிரிண்டரைப் பொதுவாக வைக்க அவர் பட்ட பாடு. மென்பொருளில் ஊறிய மனிதர் அவர். அவருக்கே அந்தத் திரை புரியவில்லை. ஆக, ஒரு பிரிண்டரில் பிறந்த இயக்கம் இன்னொரு பிரிண்டரில் போய் முட்டிக்கொண்டது. அதற்குப் பதில் எழுதிய ஜான் க்ரூபர் என்ற எழுத்தாளர் சொன்னதன் சாரம் இது: சுலபமாகப் பயன்படுத்தும் தன்மை என்பது கட்டி முடித்த பிறகு அடிக்கிற பெயின்ட் இல்லை, அஸ்திவாரத்திலேயே இருக்க வேண்டியது.

இது ஏன் நடக்கிறது? எழுதுகிறவரும் பயன்படுத்துகிறவரும் ஒருவராகவே இருக்கும்போது, தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று தோன்றிவிடும். வங்கியில் நாங்கள் மெனு எண்களை மனப்பாடமாகத் தட்டுவோம். ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்கிறவனுக்கு அதுதான் வேகம், அவனுக்கு அது நல்ல இடைமுகம். மாதம் ஒரு முறை பில் கட்டுகிற பாட்டிக்கு அதே முறை சுவர். யாருக்கு என்று கேட்காமல் நல்ல திரை, கெட்ட திரை என்று சொல்லவே முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அது நமக்கு மிகவும் பழக்கமானது. நிரலில் பிழை இருந்தால் இயங்குகிறதா இல்லையா என்று சோதித்துப் பார்க்கலாம், வாதம் முடிந்துவிடும். பட்டன் நிறம் என்றால் எல்லோருக்கும் கருத்து உண்டு. பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957இல் இதைக் கிண்டலாக எழுதினார். அணு உலைத் திட்டம் இரண்டரை நிமிடத்தில் நிறைவேறும், சைக்கிள் ஷெட்டுக்குக் கமிட்டி முக்கால் மணி நேரம் பேசும் என்ற மாதிரி. மென்பொருள்காரர்கள் இன்றும் வீண் விவாதத்துக்கு "பைக் ஷெட்" என்றுதான் சொல்கிறார்கள். நம் பொதுக்குழுவில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் ஐந்து நிமிடத்திலும், காம்பவுண்ட் சுவரின் பெயின்ட் கலர் இரண்டு மணி நேரத்திலும் முடிந்ததை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

கலரில் சண்டை வந்தால் என்ன செய்வார்கள்? "அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளட்டும்" என்று செட்டிங்ஸில் இன்னொரு வரி சேர்ப்பார்கள். இப்படிச் சேர்ந்து சேர்ந்து செட்டிங்ஸ் பக்கம் டெலிபோன் டைரக்டரி ஆகிவிடும். முடிவெடுக்க வேண்டியவர்கள் எடுக்காத முடிவையெல்லாம் பயன்படுத்துகிறவர் தலையில் கட்டுவதுதான் அது.

ஆனால் இதைத் திருத்த முடியாது என்பதில்லை. பிளெண்டர் என்ற மென்பொருள் கதையைக் கேளுங்கள். அனிமேஷன் படம் செய்வதற்கானது. நெதர்லாந்தில் டான் ரோஸன்டால் என்பவர் 1990களில் எழுதியது. 2002இல் அதை வைத்திருந்த கம்பெனி மூடப்பட்டது. ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூல நிரலை விடுவிக்கலாம் என்று முதலீட்டாளர்கள் சம்மதித்தார்கள். பயன்படுத்திய ஜனங்களிடமே கேட்டார்கள். ஏழு வாரத்தில் பணம் சேர்ந்தது. அந்த அக்டோபரில் பிளெண்டர் எல்லோருக்கும் பொதுச் சொத்தானது. சங்கம் நடத்திக் கார்பஸ் ஃபண்ட் வசூலித்துப் பார்த்தவர்களுக்கு ஏழு வாரத்தின் அருமை புரியும்.

சாவி கிடைத்தது. பட்டன்? உலகமெல்லாம் இடது கிளிக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, பிளெண்டரில் வலது கிளிக். புதிதாக வந்தவர்கள் முதல் நிமிடத்திலேயே திணறினார்கள். பழகியவர்களோ அதுதான் வேகம் என்று வாதாடினார்கள். பல வருட விவாதம். 2019இல் வந்த 2.80 பதிப்பில் திரையையே புதிதாக அமைத்து, இடது கிளிக்கை வழக்கமாக்கினார்கள். பழைய வலது கிளிக்கை விரும்புகிறவர்களுக்கு அதுவும் இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்து உள்ளே வருகிற புதியவர் முதலில் பார்ப்பது அவருக்குத் தெரிந்த வழக்கத்தை. லாட்வியா நாட்டு இயக்குநர் ஒருவர் பிளெண்டரில் செய்த "ஃப்ளோ" என்ற படம் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. தங்களுக்குள் பேசும் முப்பது பேரை விட, இன்னும் உள்ளே வராத மூவாயிரம் பேர் முக்கியம் என்று நினைத்தால் இது நடக்கும்.

மற்றொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு டேலி ஆகாது. திறந்து வைத்தால் மட்டும் போதுமா? ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒரு திறந்த மூல மென்பொருள். நீங்கள் நெட் பேங்கிங் போகும்போது மேலே பூட்டுப் படம் வருகிறதே, அப்படிப்பட்ட பாதுகாப்பு வேலையை உலகின் ஏராளமான இணையதளங்களுக்கு அது செய்து வந்தது. 2014 ஏப்ரலில் அதில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. ஹார்ட்பிளீட் என்று பெயர். அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்கு முழுநேர ஆள் ஒருவர்தான். வருட நன்கொடை சுமார் 2,000 டாலர். கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் கம்பெனிகளெல்லாம் பயன்படுத்தின. எவரும் பராமரிப்புக்குக் காசு வைக்கவில்லை. ஓட்டை தெரிந்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் சேர்ந்து நிதி போட்டன.

நண்பர்களே, இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதையாக எனக்குப் படவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடுகிற வரை அதைப் பார்க்கிறவர் யார் என்று நாம் கேட்பதில்லை. எந்தப் பொதுச் சொத்தையும் இரண்டு மூன்று பேர்தான் தூக்கிச் சுமக்கிறார்கள். நம் சங்கத்திலும் பத்து வருடமாக அதே முகங்கள். அந்த உலகத்தில் அவர்களுக்கு "மெயின்டெய்னர்" என்று பெயர். அங்கேயும் அவர்களுக்குச் சம்பளம் குறைவு, புகார் அதிகம். பார்க்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் பார்க்கிற கண் இரண்டாவது இருக்க வேண்டும்.

ஆக, திறந்த மூல மென்பொருளைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதை நிறுவிப் பார்த்துக்கொள்ள நம்மில் ஆள் வேண்டும், அடுத்த கமிட்டியிலும் வேண்டும். எந்த ஆப்பை வாங்கினாலும் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய சில கேள்விகளைத்தான் வைக்கிறேன்.

முதல் கேள்வி, வெளியே வரும் வழி. இரண்டு வருடம் கழித்து வேண்டாம் என்றால், நம் பில் கணக்கு, ரசீது, புகார்ப் பதிவு எல்லாவற்றையும் எக்செல்லிலோ லிப்ரே ஆபிஸிலோ திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக நமக்குத் தருவார்களா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? இதை வாய்வார்த்தையாக இல்லாமல் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இப்போதைக்கு நமக்குத் தேவையான சாவி இதுதான். வாங்கிய மறு மாதமே ஒரு முறை எடுத்துப் பார்த்து, பொருளாளரின் கணக்கோடு டேலி ஆகிறதா என்று சோதிக்கவும் வேண்டும். பேக்கப் இருக்கிறது என்பது வேறு, பேக்கப்பைத் திறந்து பார்த்திருக்கிறோம் என்பது வேறு.

இரண்டாவது, யார் தோளில் சுமை. டெலிவரி பையன் கேட்டில் நிற்கிறான். ஆப்பில் "அனுமதி" அழுத்த வேண்டியவர் எண்பது வயதுப் பெரியவர். போன் சார்ஜில் இருக்கிறது, கண்ணாடி வேறு அறையில். முன்பு செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டால் போதும். அந்தச் சிக்கலை ஆப் ஒழிக்கவில்லை, செக்யூரிட்டி தோளிலிருந்து பெரியவர் தோளுக்கு மாற்றியிருக்கிறது. ஆகவே இன்டர்காம் வழியும் தொடர வேண்டும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தால் எந்தப் பட்டனுக்கும் காத்திருக்காமல் கேட் திறக்க வேண்டும். இது சௌகரிய விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

மூன்றாவது, மொழி. கேட்டில் அதைப் பயன்படுத்தப் போகிற செக்யூரிட்டிக்கும், மெயின்டனன்ஸ் பையனுக்கும், நம் வீட்டு அம்மாக்கள் பலருக்கும் ஆங்கிலத் திரை சுவர்தான். தமிழில் வருமா என்று கேட்போம். வரும் என்றால் எந்தத் தமிழ் என்றும் பார்ப்போம். அகராதித் தமிழில் இருந்தால் அதுவும் இன்னொரு சுவர்தான்.

நான்காவது, இங்கே இல்லாதவர்களைப் பற்றியது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், டிரைவர்கள், இஸ்திரி போடுகிறவர் ஆகியோரின் போட்டோ, போன் நம்பர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் இந்த ஆப்பில் ஏறும். சில ஆப்களில் அவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் வசதியும் உண்டு. ஒரு வீட்டில் மனஸ்தாபத்தில் போட்ட ஒற்றை நட்சத்திரம் அந்தப் பெண்ணுக்கு மற்ற பத்து வீட்டுக் கதவையும் மூடலாம். அவளால் அதைப் பார்க்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. வங்கியில் வாடிக்கையாளருக்குத் தன் பாஸ்புக்கைப் பார்க்கும் உரிமை உண்டு. தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தான் பார்க்க முடியாத கணக்கை நான் கணக்கு என்று சொல்லமாட்டேன். அந்த மதிப்பெண் வசதியை நாம் மூடிவைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இதில் மாற்றுக் கருத்து இருப்பவர்கள் பொதுக்குழுவில் பேசுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன்.

கடைசியாக ஒரு யோசனை. ஜேக்கப் நீல்சன் என்ற வடிவமைப்பு அறிஞர் 2000ஆம் ஆண்டில் எழுதினார்: ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே ஒரு திரையின் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று. கம்பெனிக்காரர் டெமோ காட்டும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர் அதைத் தினமும் செய்கிறவர். ஆகவே ஓட்டெடுப்புக்கு முன் இரண்டு வார சோதனை வைப்போம். ஐந்து பேர்: தனியாக இருக்கும் ஒரு பெரியவர், இரவு ஷிஃப்ட் செக்யூரிட்டி ஒருவர், வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்மணி, வெளியூரில் இருந்து பில் கட்டும் ஒரு உரிமையாளர், பரபரப்பான ஒரு வேலைக்காரத் தம்பதியில் ஒருவர். ஆளுக்கு மூன்று வேலை கொடுப்போம். பில் கட்டுவது, ஒருவரை உள்ளே விடுவது, ஒரு புகார் பதிவது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். ஒன்றே ஒன்று, சொல்லிக் கொடுக்கக் கூடாது. அவர் எங்கே தயங்குகிறார், எங்கே விரல் நிற்கிறது என்று குறித்துக்கொள்வோம். தயங்கினால் "உங்களுக்குத் தெரியவில்லை" என்று சொல்லாமல், அந்த இடத்தைக் கம்பெனிக்கு எழுதுவோம். திருத்துகிறார்களா, எத்தனை நாளில் திருத்துகிறார்கள் என்பதிலேயே அவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

குறித்துக்கொள்ளும் வேலைக்கு நான் வருகிறேன், நோட்டும் பேனாவும் என்னிடம் இருக்கின்றன. இன்னும் இரண்டு பேர் வேண்டும். இந்த முறை பழைய முகங்கள் இல்லாமல், புதிதாக இரண்டு பேர் செயலாளரிடம் பெயர் கொடுத்தால் சந்தோஷப்படுவேன்.

காபி வந்துவிட்டது.